கை தூக்கினால் ஊதுவேன்

ஞானதிரவியம் விசிலை ஊதியதும் மைதானம் மொத்தமும் தலையைக் குனிந்தது. இந்தக் கல்லூரியில் அது வழக்கம். கொடியேற்றமோ அணிவகுப்போ இரங்கலோ, எதுவானாலும் பி.டி. சார் ஊதினால் தொடங்கும், பி.டி. சார் ஊதினால் முடியும். நடுவில் ஒரு பிள்ளை அசையாது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை மேலே போகாது. உடற்கல்வி இயக்குநராக வந்த நாளிலிருந்து அவர் போட்டுவைத்த பழக்கம் அது. தாளாளர் சீவலமுத்துவுக்கு அதில் தனிப் பெருமை. வருகிற விருந்தாளியிடம் எல்லாம் ‘நம்ம பிள்ளைகளப் பாருங்க, பட்டாளம் மாதிரி’ என்று சொல்லிக்கொள்வார். இன்றைக்கு விருந்தாளி மத்திய மந்திரி. மந்திரியும் தலையைக் குனிந்திருந்தார், அழகாகவே குனிந்திருந்தார். எவ்வளவு குனிந்தால் துக்கமும் தெரியும், முகமும் கேமராவில் விழும் என்பது இத்தனை வருஷ அரசியலில் அவருக்கு அத்துப்படி. அவருக்குப் பக்கத்தில் சீவலமுத்து, அடுத்து முதல்வர், அடுத்து கட்சிக்காரர்கள். எல்லாருக்கும் மேலே பந்தல், பக்கத்தில் ஏர்கூலர். பின்னால் தொங்கிய பேனரில் இடது பக்கம் ‘மகளிர் விளையாட்டரங்கத் திறப்பு விழா’, வலது பக்கம் ‘மாணவி மாரிக்கனி நினைவேந்தல்’. மந்திரி இரண்டு தடவை அலைய வேண்டாம் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். வலது பக்கம் மாரிக்கனியின் படம், பல்கலைக்கழகப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர் ஓடி ஜெயித்த அன்று எடுத்தது, கழுத்தில் பதக்கம், வாயெல்லாம் பல். இடது பக்கம் மந்திரியின் படம். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வெயில் பிடரியில் இறங்கியது. இதே வெயில்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் இதே மந்திரிக்காகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அவர் கார் உள்ளே நுழையும்போது பெண்பிள்ளைகள் கையில் கொடியோடு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டி.வி.காரன் அதைப் படம் பிடிக்க வேண்டும், ‘மகளிர் ஆற்றல் ஓட்டம்’ என்று அதற்கு ஒரு பேர். காலையில் வருவதாக இருந்தவர் உச்சி வெயில் ஏறியும் வரவில்லை. பிள்ளைகள் ஓடினார்கள், நிறுத்தினார்கள், இதோ வந்துவிட்டார் என்றதும் மறுபடி ஓடினார்கள். ரெண்டாம் வருஷம் படித்த மாரிக்கனி கிழக்கு வளைவில் விழுந்தாள், சாயந்தரம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். மந்திரி அன்றைக்கு வரவேயில்லை. பாதி வழியில் செய்தி கேட்டு காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், ஆழ்ந்த இரங்கல் மட்டும் சாயந்தரமே வந்து சேர்ந்தது. திடீரென்று விழுந்துவிட்டாள் சார். டாக்டரிடம் அப்படித்தான் சொன்னார் ஞானதிரவியம். போலீஸ்காரரிடமும் அப்படித்தான். வீட்டில் மனைவி எஸ்தர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ‘பிள்ளைக்கு என்னதான் ஆச்சு?’ என்று கேட்டபோதும் அதேதான், திடீர்னு விழுந்துட்டா. நல்ல வார்த்தை அது. அதற்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை என்று அந்த ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறது. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தலையாட்டாதது அவருடைய வயிறு ஒன்றுதான், அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் எதுக்களிக்கிறது.

விசில் உதட்டில்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊத வேண்டும். ஊதினால் எல்லாரும் உட்காருவார்கள், அவர் மைக் முன்னால் போய் நிற்க வேண்டும், போய் நின்று சொல்ல வேண்டும். காலையில் சீவலமுத்து தன் அறையில் உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, மெதுவாகத்தான் பேசினார். ‘வே ஞானம், பெருசா ஒண்ணும் வேண்டாம். பிள்ளைக்கு முந்தின நாளே காய்ச்சல் இருந்திருக்கு, நம்மகிட்ட மறைச்சிட்டா, ஆர்வத்துல ஓடிட்டா. அவ்வளவுதான். நீரு சொன்னா எடுபடும். நான் சொன்னேம்னா தாளாளர் தப்பிக்கப் பாக்காருன்னு சொல்லுவானுவ.’ ‘காய்ச்சல் இருந்துச்சா ஐயா?’ என்று இவர் கேட்டார். ‘இருந்திருக்கலாம்லா?’ என்று சீவலமுத்து காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, ‘ஜெனிட்டா நல்லாப் படிக்கிதாளா? கடைசி வருசம்லா?’ என்றார். அவ்வளவுதான். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. ஜெனிட்டா சீவலமுத்துவின் நர்சிங் காலேஜில்தான் படிக்கிறாள், அவர் தயவில் சேர்ந்த இடம். ஒரு தகப்பனிடம் மகள் படிப்பை விசாரிப்பதைக் குற்றம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. படியிறங்கும்போது ஞானதிரவியம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஐம்பத்தைந்து வயதில் கைப்பிடி தேவைப்படுகிற ஓட்டக்காரன்.

ஓட்டக்காரன் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, மௌன அஞ்சலியில் சிரிக்கக் கூடாது, உதட்டை விசிலில் அழுத்திக்கொண்டார். எத்தனை வகை ஓட்டம் உண்டு, கட்டையைக் கைமாற்றி ஓடுகிற தொடர் ஓட்டம் ஒன்று உண்டு. அன்றிலிருந்து இங்கே நடப்பதெல்லாம் அதுதான். டெல்லியில் யாரோ கேள்வி கேட்டார்கள். மந்திரி, விளையாட்டு மாநிலப் பட்டியலில் வருகிறது என்று கட்டையை மாநிலத்தின் கையில் கொடுத்தார். மாநிலத்தில் ஒருவர், அது தனியார் நிர்வாகம் என்று சீவலமுத்துவிடம் கொடுத்தார். சீவலமுத்து, நிகழ்ச்சி ஏற்பாடு முதல்வர் பொறுப்பு என்றார். முதல்வர், மைதானம் பி.டி. பொறுப்பு என்றார். கட்டை இவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஒருத்தர் கையிலும் தவறி விழவில்லை, ஒருத்தரும் தடுமாறவில்லை, இப்படி மாற்றத் தெரிந்த நாலு பிள்ளைகள் கிடைத்திருந்தால் இந்தக் கல்லூரிக்கு எத்தனை பதக்கம் வந்திருக்கும். இனி இவர் யாரிடம் கொடுப்பது? இவருக்குக் கீழே ஒருத்தருமில்லை. ஒருத்தி இருக்கிறாள், செத்துப்போனவள். அவளிடம் கொடுத்துவிடலாம், அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அதைத்தான் சீவலமுத்து காபி கொடுத்துச் சொன்னார். காய்ச்சலை மறைத்துவிட்டாள். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பிள்ளை எதையாவது மறைக்கிறவள் மாதிரியா இருக்கிறாள், தலைவலித்தால் வலிக்கிறது என்பாள், பசித்தால் பசிக்கிறது என்பாள், ‘சார் இன்னைக்கு எனக்கு வயித்துவலி, லேசாத்தான் ஓடுவேன்’ என்று மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள், மற்றப் பிள்ளைகள் வெட்கப்பட்டு அவள் வாயைப் பொத்துவார்கள்.

முன்வரிசையில் அவள் அப்பா ஐயம்பெருமாள் நின்றார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அகன்ற தோள். அந்தத் தோளில் ஒரு பொன்னாடை கிடந்தது. இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல? நிகழ்ச்சி தொகுத்த தமிழ்த்துறைக்காரர் வரிசையாக எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தச் சொல்லிக்கொண்டே வந்தார், மந்திரிக்கு, தாளாளருக்கு, மாவட்டச் செயலாளருக்கு, அந்த வேகத்தில் ‘அடுத்ததாக நம் மாணவியின் தந்தை’ என்றும் சொல்லிவிட்டார், கல்லூரிப் பேரவைத் தலைவி ஓடிப்போய்ப் போர்த்தியும் விட்டாள். பின்வரிசையில் பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் கையும் தட்டினார்கள், தட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். மகள் செத்ததற்குப் பொன்னாடை வாங்கிய மனிதர் அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். சரிகை வெயிலில் மின்னியது. அவர் மட்டும் தலையைக் குனியவில்லை. நேராக ஞானதிரவியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். அடக்கத்துக்கு ஞானதிரவியம் போகவில்லை. போகக் கிளம்பி, சட்டை மாற்றி, வண்டியை எடுத்து, அவர்கள் தெருமுனை வரைக்கும் போனார். கொட்டுச் சத்தம் கேட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மந்திரி பாதி வழியில் திருப்பினார் என்று ஊரெல்லாம் திட்டியது, இவர் திருப்பியது ஒருத்தருக்கும் தெரியாது.

ஊதலாமா? நேரம் ஆகியிருக்கும். வழக்கமாக அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும், இன்றைக்கு ஓடவில்லை. ஊதினால் பேச வேண்டும், ஊதாதவரைக்கும் பேச வேண்டாம். மந்திரி தடகளச் சங்கத்துக்கும் தலைவர்தான். ஓடத் தெரியாதவர்கள் எல்லாம் ஓட்டக்காரர்களுக்குத் தலைவராவது இந்த நாட்டில் புதுசா என்ன? அந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தர் இருந்தார், வேறு கட்சி, வேறு துண்டு, அதே குனிவு. ஞானதிரவியத்துக்கு அப்போது இருபத்தொரு வயது, எண்ணூறு மீட்டரில் மாநிலத்தில் இரண்டாவது, தேசியப் போட்டிக்குப் பேர் வரும் என்று பெட்டியெல்லாம் கட்டிவைத்திருந்தார். வந்தது தலைவரின் அக்காள் மகன் பேர். போய்க் கேட்டார். கமிட்டி முடிவு என்றார்கள். கமிட்டி யார் என்று கேட்டார். செயலாளரைக் கேள் என்றார்கள். செயலாளர் தலைவரைக் கேள் என்றார். தலைவர் டெல்லியில் இருக்கிறார் என்றார்கள். மூன்று நாள் அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார், அவரை ஓடவிடாமல் செய்த ஆள் என்று ஒருத்தரையும் அங்கே கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள், ஒருத்தர் டீகூட வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு ரயிலில் வரும்போது நெஞ்செல்லாம் எரிய நினைத்தார், நமக்கென்று ஒரு மைதானம் கிடைத்தால் அங்கே கேட்டால் பதில் சொல்ல ஒருத்தன் இருப்பான், அந்த ஒருத்தன் நானாக இருப்பேன். அந்த வைராக்கியத்தில் வந்ததுதான் இவருடைய சட்டம். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்வார். ‘ஓட ஆரம்பிச்சா நான் ஊதுற வரைக்கும் யாரும் நிக்கக் கூடாது. ஆனா முடியலைன்னா கையைத் தூக்கு. கை தூக்கினா ஊதுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்.’ பிள்ளைகள் அதை நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள், கை தூக்கிய போதெல்லாம் ஊதினாரே. ஊதி, தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, ஏன் என்று கேட்காமல்தானே இருந்தார்.

திடீரென்று விழுந்தாள். கிழக்கு வளைவில். அதற்கு முன் சுற்றில் அவள் கையை அசைத்தாள், அசைத்தாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், கையில் கொடி இருந்தது, கொடி பிடித்த கை அசையத்தானே செய்யும். எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடி அசைந்தது. இவர் காதில் செல்போன். சீவலமுத்து டோல்கேட்டில் மந்திரியை வரவேற்கப் போய் நின்றுகொண்டு கத்தினார், ‘கார் வந்துட்டு, கார் வந்துட்டு, நிறுத்திராதவே, டி.வி.காரன் முன்னால வாரான், மந்திரி உள்ள நுழையுதவரைக்கும் பிள்ளைகள் ஓடிட்டே இருக்கணும்.’ ‘ஐயா, வெயில் தாங்கல, பிள்ளைக முடியாமக் கெடக்கு, கொஞ்சம் உக்காரவச்சுட்டு...’ ‘நிறுத்துனேர்னா நாளைக்கு நீரு உள்ள வராதேயும்.’ வைத்துவிட்டார். அப்போதுதான் அவள் இவருக்கு நேரெதிரே வந்தாள். கொடி வலது கையில் இருந்தது. வலது கை கீழேதான் இருந்தது. அவள் தூக்கியது இடது கை. தூக்கினாள், அசைக்கவில்லை, அசைத்தாள் என்பது பொய், நேராக, சொல்லிக்கொடுத்த மாதிரி, விரலெல்லாம் விரித்துத் தூக்கினாள். அடுத்த சுற்றிலும் தூக்கினாள். இவர் கண்ணில் பட்டது. விசில் பல்லுக்கிடையில் இருந்தது, எச்சில் ஊறி இருந்தது, மூச்சை இழுத்தாயிற்று, விட வேண்டியதுதான் பாக்கி. விடவில்லை. அதற்குப் பதில் என்ன செய்தார்? செய்ததை நினைக்கப் போனால் நினைப்பு பக்கத்திலேயே நின்று சுற்றுகிறது, சுற்றி வேறெங்கோ ஓடுகிறது, எஸ்தர் போன வாரம் வாங்கச் சொன்ன கேஸ் அடுப்பு ட்யூப், ஜெனிட்டாவின் பரீட்சை, மந்திரியின் வெள்ளைச் செருப்பு. கையைத் தூக்கினார். இவரும் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆட்டினார். தெருவில் தெரிந்தவர் கையாட்டினால் நாம் ஆட்டுவோமே, அப்படி. சிரிக்கக்கூடச் செய்தார். உன்னைப் பார்த்துவிட்டேன் அம்மா, நீ கையாட்டுகிறாய், நானும் ஆட்டுகிறேன், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் முகத்தில் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு கையை இறக்கிக்கொண்டு ஓடினாள். ஊதாமல் நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் ஊதவில்லையே, அதனால் ஓடினாள்.

போன் பண்ணியது சீவலமுத்து. ஆணையிட்டது சீவலமுத்து. சீவலமுத்துவைக் கேட்டால் மந்திரி ஆபீஸ் என்பார். எல்லாம் சரி, போன் கையில்தான் இருந்தது, வாயில் விசில்தான் இருந்தது, வாயை யாரும் தைத்து வைக்கவில்லை. இத்தனை நாளாக வயிறு எரிய எரிய மந்திரியைத் திட்டினார், தாளாளரைத் திட்டினார், திட்டியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அவர்கள் அத்தனைக்கும் யோக்கியதை உள்ளவர்கள்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை டெல்லியைப் பார்த்தா கை தூக்கினாள்? டோல்கேட்டைப் பார்த்தா தூக்கினாள்? நாற்பதடி தூரத்தில் நின்ற இந்த ஞானதிரவியத்தைப் பார்த்தல்லவா தூக்கினாள். சீ, என்ன மனுஷன் நான் என்று வந்தது அவருக்கு, வாய்விட்டே வந்திருக்கும், விசில் அடைத்துக்கொண்டிருந்தது.

மேடையில் யாரோ இருமினார்கள். முதல்வர் கண்ணால் ஜாடை காட்டினார், ஊதுங்க சார், ஊதுங்க. ஞானதிரவியம் ஊதவில்லை. நிற்கட்டும். ஒரு தடவையாவது இவர்கள் நிற்கட்டும், அவள் நிற்க முடியாமல் ஓடினாளே, இவர்கள் உட்கார முடியாமல் நிற்கட்டும், வேர்த்து, கால் கடுத்து, எப்போது ஊதுவான் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் இனித்தது. அதற்குள் மந்திரி தலையை நிமிர்த்தினார், கடிகாரத்தைப் பார்த்தார், சீவலமுத்துவின் காதுப் பக்கம் சாய்ந்து, ‘என்னண்ணே, முடிஞ்சுதுல்ல?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மந்திரி உட்கார்ந்ததும் சீவலமுத்து உட்கார்ந்தார், முதல்வர் உட்கார்ந்தார், மேடை முழுக்க நாற்காலிச் சத்தம். விசிலாவது ஒன்றாவது. அவர்களுக்கு எப்போது விசில் வேண்டியிருந்தது? மைதானத்தில் பிள்ளைகள் மட்டும் நின்றார்கள். வெயிலில், தலைகுனிந்து, ஒருத்தரும் அசையாமல், இவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை லேசாக ஆடினாள், சமாளித்துக்கொண்டாள், மறுபடி ஆடினாள், அவளும் தானாக உட்காரவில்லை. அதற்குமேல் ஞானதிரவியம் காத்திருக்கவில்லை. பலமாக ஊதினார், ஊதிவிட்டு, ‘உக்காருங்கம்மா, எல்லாரும் உக்காருங்க, நிழலுக்குப் போங்க, பந்தலுக்குள்ள வாங்க’ என்று கத்தினார். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மேடைப் பந்தலுக்குள் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். கட்சிக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை மடக்கிக்கொண்டார்கள்.

மைக் முன்னால் போய் நின்றார். ஜெனிட்டா நினைவுக்கு வந்தாள். இவளுக்கும் மாரிக்கனிக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது இப்போதுதான் தோன்றுகிற மாதிரி இருந்தது. எஸ்தரிடம் என்ன சொல்வது என்றும் தோன்றியது. ‘மாரிக்கனி எதையும் மறைக்கல’ என்றார். ‘முடியலைன்னு கையத் தூக்கினா. ரெண்டு தடவை தூக்கினா. நான் பாத்தேன். பாத்துட்டும் ஊதல. தப்பு என்னோடது.’ சீவலமுத்துவின் முகம் முதலில் கறுத்து, பிறகு மெல்லத் தெளிந்தது. காய்ச்சலைவிட இது நல்லதாயிற்றே. மந்திரி அனுதாபமாகத் தலையை ஆட்டினார், பெரிய மனசு என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும்தான் ஞானதிரவியத்துக்கு உறைத்தது, கட்டையை வாங்கி மொத்தமாக நானே வைத்துக்கொண்டால் இவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ‘ஊதாதேன்னு சொன்னது தாளாளர். போன்ல சொன்னாரு. மந்திரி கார் உள்ள வர்ற வரைக்கும் பிள்ளைகள நிறுத்துனா வேலைக்கு வராதேன்னு சொன்னாரு. நான் பயந்துட்டேன்.’ சீவலமுத்து சிரித்த முகத்தை எடுக்க மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஐயம்பெருமாள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்தார், நிதானமாக மடித்து நாற்காலியில் வைத்தார்.

‘தெரியும் சார்’ என்றார். ‘அன்னைக்கே பிள்ளைகள்லாம் வந்து அழுதுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாவ. நீங்க கையாட்டுனதையும் சொன்னாவ. அது உங்க வாயில வருதான்னு பாத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன்.’

ஞானதிரவியம் மைக்கை விட்டுவிட்டு அவரிடம் ஓரடி எடுத்து வைத்தார். ஐயம்பெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

‘அது வந்துட்டு. எம் பிள்ளதான் வரல.’